அண்ணி மூச்சு விடாமல் பேசிய நாள்

நான் சொன்னதை நீங்கள் வெட்டினீர்கள். தொலைக்காட்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரையெல்லாம் பேட்டி எடுக்கிறவரே, உங்களைத்தான் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் தோட்டத்து மக்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டீர்கள். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், முகத்தில் பவுடர் அடித்து, விளக்குக்கு அடியில் உட்காரவைத்துக் கேட்டீர்கள். நான் சொன்னேன். என் பிள்ளை எப்படிச் செத்தான் என்று சொன்னேன். ஒளிபரப்பில் என் பிள்ளை இல்லை. "ரேடியோவுக்காக அண்ணி பேசினப்போ எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்று நான் சொன்ன இடம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் புல்லாங்குழல் வேறு வாசித்தீர்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "பெரியம்மா, டிவியில சூப்பரா பேசினீங்க! கேக்கவே இனிப்பா இருந்துச்சு" என்றாள். இனிப்பா? அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

உடம்பு சிலிர்த்தது உண்மை. இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. ஆனால் பெட்டியைப் பார்த்துச் சிலிர்த்தேன் என்று நீங்கள் காட்டினீர்கள். நான் சிலிர்த்தது என் அண்ணியைப் பார்த்து. அதை இங்கே ஒட்டுப் போடாமல் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பீடோங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர்த் தோட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் வரிசையாகக் கட்டி, சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட்டு. பொழுது சாய்ந்தால் பூட்டுவார்கள். விடிந்தால் திறப்பார்கள். பாலுக்காக மரத்தில் பட்டை வெட்டப் போகிறவர்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள், ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. காட்டில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவோமாம். இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம் என்று சட்டம்.

என் முதல் பிள்ளைக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. தவழ்வான், உட்காருவான், கையில் கிடைத்ததைக் கடிப்பான். ஒரு நாள் கேட்டைப் பூட்டி விளக்கு வைத்த நேரம், காய்ச்சல் ஏறி அவனுக்கு இழுப்பு வந்தது. மருந்து கொடுக்கிற டிரசர் வீடு வேலிக்கு அந்தப் பக்கம், ஆபீசுக்குப் பக்கத்தில். அவர் வீட்டு விளக்கு எங்களுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது, கண்ணுக்குத் தெரிந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். காவலுக்கு நின்றவன் ஒரு மலாய்க்காரப் பையன். "தக் போலே, காக். குஞ்சி தக் அடா" என்றான். முடியாது அக்கா, சாவி இல்லை. சாவி தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம். துரை டவுனில் கிளப்புக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் முள்கம்பியை வெறுங்கையால் விலக்கப் பார்த்தார். சாகிற வரைக்கும் அவர் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. காவல்காரப் பையன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அழுதான். துரையின் கார் வந்து கேட்டுத் திறந்தபோது என் மடியில் பிள்ளை அசையவில்லை. துரை காரிலிருந்து இறங்கினார், பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் காரில் ஏறிப் போய்விட்டார்.

இதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் கம்யூனிஸ்ட் பக்கம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படித்தான் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பொண்டாட்டி பிள்ளைகள் இங்கே நின்றார்கள். எனக்கு யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. சாவி இல்லாததால் என் பிள்ளை செத்தான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

சொல்கிறேன் என்றது என் அண்ணி. என் அண்ணனின் மனைவி. எங்களுக்கு அடுத்த வீடு. நெட்டையாக இருப்பாள். அவள் மேட்டில் நின்று கூப்பிட்டால் பள்ளத்தில் கடைசி மர நெரையில் வெட்டுகிறவளுக்குக் கேட்கும். கங்காணிக்குத் தொண்டை கட்டினால் அவளைத்தான் கூப்பிடச் சொல்வார்.

பிள்ளையைப் புதைத்துக் கொஞ்ச நாள் கழித்து, கவர்மெண்டுப் பிரச்சார வேன் ஒன்று வரப்போவதாக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். குரலைப் பிடிக்கிற இயந்திரத்தோடு வருகிறார்களாம். தோட்டத்து மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ரேடியோவில் போடுவார்களாம். நன்றாகப் பேசுகிற ஒரு பொம்பளை வேண்டுமாம். கிராணி அண்ணியைக் கைகாட்டினார். அன்று சாயங்காலம் அண்ணி என்னிடம் வந்து, "ஏண்டி, ஒம் புள்ள செத்தத நான் அதுல சொல்றேன். ஒலகம் பூரா கேக்கட்டும். நீயும் கூட வா" என்றாள்.

வேன் வந்தது. அப்படி ஒரு வண்டியை நாங்கள் பார்த்ததில்லை. தலையில் பூச்செடி மாதிரி ஒலிபெருக்கி. உள்ளே தட்டுப் போல இரண்டு சக்கரம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பழுப்பு நிறத்தில் நாடா ஓடியது. வெளிச் சத்தம் கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே நான்கே பேர். கேள்வி கேட்கிற ஐயா ஒருவர், வெள்ளைச் சட்டை, பட்டணத்துப் பேச்சு. பினாங்கிலிருந்து வந்த இயந்திரக்காரத் தம்பி. அண்ணி. நான்.

"அம்மா, வேலி போட்ட பிறகு நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஐயா கேட்டார்.

"நல்லா இருக்கோம்ங்க ஐயா. வேலி வந்தப்புறம் ராத்திரி பயமில்லாம தூங்குறோம்ங்க" என்றாள் அண்ணி. நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு மீதியைச் சொன்னாள். பிள்ளையைச் சொன்னாள். சாவியைச் சொன்னாள். கிளப்பைச் சொன்னாள். ஐயா குறுக்கே பேசவில்லை. பென்சிலால் முழங்காலில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்கோம்ங்க" என்று அவள் ஏன் ஆரம்பித்தாள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். விடியற்காலையில் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது கிராணி பேரைக் கூப்பிட்டு என்ன என்று கேட்டால், முதலில் நல்லா இருக்கேங்க. அப்புறம்தான் காய்ச்சல், கால்வீக்கம், பால் குறைச்சல் எல்லாம். நெற்றியில் ரத்தம் வழிந்தாலும் முதலில் நல்லா இருக்கேங்க. அது பொய் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுபோல ஒரு மரியாதை. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், சங்கதி அதற்குப் பின்னால்தான் வரும் என்று.

பேசி முடித்து வெளியே வந்தோம். லயமே கூடி நின்றது. இயந்திரக்காரத் தம்பி எல்லாருக்கும் ஆசை காட்டுவதற்காக நாடாவை ஓட்டி ஆரம்பத்தை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டான். "நல்லா இருக்கோம்ங்க ஐயா" என்று அண்ணி வானத்திலிருந்து பேசினாள். பக்கத்தில் அதே அண்ணி வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசி வீட்டுக்காரி, வாய்த் துடுக்குக்காரி, அவளே பயந்துபோய் அண்ணியின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ஏய், நீ இங்கதான்டி இருக்க!" என்றாள். எனக்கு ஒன்றுதான் ஓடியது. இந்தக் குரலில் என் பிள்ளை இருக்கிறான். இந்த நாடாவில் சுற்றிக்கொண்டு இருக்கிறான். இனி அவன் வேலிக்கு வெளியே போவான்.

ரேடியோவில் போட்ட அன்று கோயிலுக்குப் பக்கத்தில் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் கீழே எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணி குரல் வந்தது. "நல்லா இருக்கோம்ங்க ஐயா. வேலி வந்தப்புறம் ராத்திரி பயமில்லாம தூங்குறோம்ங்க." அடுத்து வேறு யாரோ, வேறு எந்தத் தோட்டமோ. முடிந்துவிட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து போனார்.

"என்னாடி, புள்ள சாவச் சொல்றேன்னியே?" என்று கடைசி வீட்டுக்காரி கேட்டாள்.

"சொன்னேன்டி."

"எங்க சொன்ன? எங்க காதுல விழலியே. கொரலு ஒன்னோடதுதான?"

"அண்ணி சொன்னாங்க, நான் பக்கத்துல நின்னேன்" என்றேன் நான்.

"நீ ஒன் அண்ணிய விட்டுக் குடுப்பியா? மனுசன் பொய் சொல்லுவான். பெட்டி சொல்லுமா?"

இதுதான் எங்கள் ஆட்கள் செய்த தப்பு. குரலைத் துண்டாக்க முடியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? மழையைத் துண்டாக்க முடியுமா? பேசினால் பேசினதுதான். மறுநாளிலிருந்து குழாயடியில் அண்ணி போனால், "வழி விடுங்கடி, ரேடியோக்காரி வர்றா. நல்லா இருக்கீங்களா ரேடியோ?" என்று கேட்டார்கள். துரையிடம் ஏதோ வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டாள் என்று ஒரு பேச்சு. பெற்றவளுக்குக் கொடுத்த வாக்கைத் தின்றுவிட்டாள் என்று ஒரு பேச்சு.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. நெரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி கத்தியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கேட்டாள். "ஏண்டி, நெசமாச் சொல்லு. நான் சொன்னேனா? இல்ல, பயத்துல மனசுக்குள்ளயே சொல்லிட்டேனா?" தன் காதால் தன் குரலைக் கேட்டுவிட்டாள் அல்லவா? அதில் அந்தச் சொற்கள் இல்லை. சொன்ன வாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. "சொன்னீங்க அண்ணி, கிளப்புன்னு சொல்றப்போ ஒங்க கொரலு ஒடஞ்சுச்சு" என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

வேன் மறுபடி வந்தது. கேள்வி கேட்கிற ஐயா கிராணியோடு ஆபீசில் இருந்தார். இயந்திரக்காரத் தம்பி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தான். அண்ணி நேரே போய் நின்றாள். நானும் போனேன்.

"தம்பி, நான் பேசினது முழுசா இந்தப் பொட்டியில இருந்துச்சா?"

அவன் கொஞ்சம் சிரித்தான். "இருந்துச்சுக்கா. அவ்வளவும் போட முடியுமா? வேணுங்கிறத வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிடுவாங்க."

"வெட்டுறதா? கொரல எப்பிடி வெட்டுவ?"

அவன் காட்டினான். பெருமையாகத்தான் காட்டினான். வேண்டாத நாடாத் துண்டு ஒன்றை எடுத்தான், சவரக் கத்தி பிளேடால் சாய்வாக ஒரு கீறல், இன்னொரு கீறல், நடுத்துண்டு கீழே விழுந்தது. இரண்டு நுனியையும் சேர்த்துப் பசைத் தாள் ஒட்டினான். இயந்திரத்தில் போட்டு ஓட்டினான். யாரோ ஒரு ஆள் பேசினார், ஒட்டிய இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணி அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவுகிறவள் அவள். நல்ல கைவேலை அவளுக்குத் தெரியும். "பட்டயில ஒரு சொட்டு ரத்தம் வரலியே" என்றாள். அவள் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வந்தது ஆச்சரியம். எனக்கும் அப்படித்தான். மனிதன் இதைக்கூடச் செய்கிறானே என்றிருந்தது.

"கீழ விழுந்தது எங்க போகும்?" என்று கேட்டாள்.

"அதுவா? சாயங்காலம் கூட்டித் தள்ளிடுவாங்கக்கா."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வேனின் தரையைப் பார்த்தேன்.

"எந்த எடத்துல வெட்டுவீங்க, தம்பி?"

"ஆளு மூச்சு விடுற எடத்துல. பேச்சுக்கு நடுவுல வெட்டினா காட்டிக்குடுத்துடும். மூச்சு விடுற எடம்தான் தோது."

அதற்கு மேல் அண்ணி கேட்கவில்லை. ஐயா ஆபீசிலிருந்து வந்தார். போன தடவை அண்ணி குரல் மேலிடத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, அடுத்த முறை வரும்போது திரும்பவும் பேச வேண்டும் என்றார். "பேசுறேன்ங்க" என்றாள். குரலை வெட்டுவதை லயத்தில் சொன்னோம், யாரும் நம்பவில்லை.

அந்த இடைவெளியில் அவள் செய்ததை நான் யாரிடமும் கண்டதில்லை. மரம் வெட்டும்போது பேசிப் பழகினாள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகிற வரைக்கும் மூச்சு விடாமல் பேசுவாள். பிறகு இரண்டு மரம். பிறகு நெரையின் பாதி. பனிமூட்டத்துக்குள் இருந்து அவள் குரல் மட்டும் வரும். "எவடி அவ, மரத்தோட சண்ட போடுறது?" என்று அடுத்த நெரையிலிருந்து கத்துவார்கள். கங்காணி, "பைத்தியம் பிடிச்சிருச்சு போல, பால் நல்லா எறங்குனா சரி" என்று சொல்லிவிட்டுப் போவார். கிராணிக்குச் சந்தேகம் வந்து, "ஒனக்கு மூணு புள்ள இருக்கு. கப்பல ஞாபகம் வச்சுக்க" என்றார். "இருக்குங்க, நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி பால் தோம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வேன் வந்தது. கதவு சாத்தினார்கள். அதே நான்கு பேர். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. "அம்மா, எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா?" என்றார் ஐயா.

அண்ணி மார்பு நிறைய மூச்சை இழுத்தாள்.

"நல்லா இருக்கோமான்னு கேக்குறீங்களேய்யா எம் நாத்தனா மடியில நல்லா இருந்த புள்ள அந்தா அந்தக் கேட்டுக்கிட்ட இழுத்து இழுத்துச் செத்தானே சாவி கிளப்புல இருந்துச்சே டிரசர் வீட்டு வெளக்கு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சே காவக்காரன் கையில துப்பாக்கி இருந்துச்சு சாவி இல்லையே எங்களக் காப்பாத்தத்தான் வேலின்னு சொன்னீங்களே அந்தப் புள்ளயக் காப்பாத்தலயே பெத்தவ இந்தா பக்கத்துல நிக்கிறாளே அவளக் கேளுங்களேய்யா..."

இன்னும் போனது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது, மூச்சு முட்டியதால் வந்த நீர். ஐயா கையைக் காட்டி, "அம்மா, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்" என்றார். அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நான் வேனின் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு சிலிர்த்தது அப்போதுதான். நான் கும்பிடாத சாமி இல்லை. எந்தச் சாமி முன்னாலும் எனக்கு அப்படி ஆனதில்லை. ஒரு ரப்பர் வெட்டுகிற பொம்பளை, கையெழுத்துப் போடத் தெரியாதவள், தன் மூச்சைக் கொண்டு என் பிள்ளையைச் சுற்றி ஒரு வேலி கட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கத்தியும் நுழைய முடியாத வேலி.

முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயா இறங்கிப் போனார். தம்பி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"அக்கா, இதுல எங்கயும் கத்தி போகாது" என்றான் மெதுவாக.

"அதான் வேணும்."

"அப்ப முழுசாப் போடணும், இல்லாட்டி முழுசாத் தூக்கணும். தூக்கிடுவாங்கக்கா."

"தூக்கட்டும் தம்பி. பாதியாப் போட்டு என்னயப் பொய்க்காரி ஆக்காதீங்க."

ரேடியோ நாள் வந்தது. கம்பத்தின் கீழே எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணி பின்னால் தூணில் சாய்ந்து நின்றாள். நிகழ்ச்சி ஆரம்பித்தது. பாட்டு வந்தது. அறிவிப்பு வந்தது. அண்ணி வரவில்லை. கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்து ஆள் வந்தார். "நல்லா இருக்கோம்ங்க ஐயா, வேலியெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார். உடனே பாட்டு.

 பிறகு கடைசி வீட்டுக்காரி, குழாயடியில் அண்ணியை அதிகம் பேசின அதே கடைசி வீட்டுக்காரி, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாவம். அதுக்கப்புறம் அவன் என்னா சொன்னானோ."

யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் நல்லா இருக்கோம், பிறகு சங்கதி. எங்கள் பழக்கம்தானே? சங்கதி எங்கே? அந்த ஆளுக்கும் ஒரு சங்கதி இருந்திருக்கும். அவர் பெண்டாட்டியோ, பிள்ளையோ, சோறோ. யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள். கடைசி வீட்டுக்காரி எழுந்து அண்ணியிடம் போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தன் கொட்டைப்பாக்கில் பாதியை அவள் கையில் வைத்தாள். அண்ணி வாயில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யாராவது ரேடியோவில் நல்லா இருக்கோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள், "சரி, மிச்சத்தச் சொல்லு" என்பார்கள் பெட்டியைப் பார்த்து.

அண்ணியைக் கப்பலேற்றவில்லை. அந்த வேனும் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. அவசரகாலம் முடிந்தது, வேலியைப் பிரித்தார்கள், அண்ணி செத்தாள், என் வீட்டுக்காரர் செத்தார். அந்தக் கேட்டில் நின்றவர்களில் நான்தான் மிச்சம்.

அதனால்தான் ஐயா, நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். ஊரே பார்க்கிற பெட்டி, இதில் சொன்னால் போதும் என்று வந்தேன். நீங்கள், "அந்தக் காலத்தில் எப்படி இருந்தீர்கள் அம்மா?" என்றதும் என் வாய் என்ன சொன்னது? "நல்லாத்தான் இருந்தோம்ங்க." அண்ணியிடம் நான் எதையும் படிக்கவில்லை. மூச்சு விட்டேன். விட்ட இடத்தில் எல்லாம் வெட்டினீர்கள்.

உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "எடிட்டிங்ல போயிடுச்சும்மா, டைம் பத்தல. நல்ல விஷயத்தத்தான் வச்சிருக்கோம்" என்றாள். புல்லாங்குழலுக்கு நேரம் இருந்தது. பவுடருக்கு நேரம் இருந்தது. நல்ல விஷயம் எது என்று முடிவு செய்ய நீங்கள் யார்? அன்றைக்கு வெட்டியவர்களுக்காவது பயம் இருந்தது, மேலே வெள்ளைக்காரன் இருந்தான், காட்டில் துப்பாக்கி இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது? யார் உங்கள் தலைக்கு மேல் நின்றார்கள்?

எனக்கு வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் சொல்ல வேண்டாம். பழக்கூடை வேண்டாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்டீர்களோ அதே நாற்காலியில் உட்காருங்கள். அதே கிழமை, அதே நேரம். நான் கேட்டைப் பற்றிச் சொன்னதை வெட்டாமல் போடுங்கள். அதை வெட்டச் சொன்னது யார், ஏன் என்று சொல்லுங்கள். கூட்டித் தள்ளிவிட்டீர்கள் என்றால், கூட்டித் தள்ளிவிட்டோம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ஊருக்கே கேட்கும்படி, நடுவில் நிறுத்தாமல், பதில் சொல்லுங்கள்.